வெருகல் பிள்ளைக்கு கொழும்பு கிளினிக்: இன்றே பார்க்கவும்

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளத்தோடு வெருகலில் இருந்து வந்து, இங்கே உறவினர் வீட்டு விறாந்தையில் தங்கியிருக்கும் குடும்பம் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். நாலு வயது மகளுக்கு இருதயத்தில் ஓட்டை. கிளினிக் கொப்பி நனைந்து மை ஊறிவிட்டது. தாய் ஒவ்வொரு தாளாக அயன் பண்ணிக் காயவைத்திருக்கிறா. அப்படியும் மருந்தின் பெயர் தெரியவில்லை.

நேற்று திருகோணமலை பொது வைத்தியசாலையில் காட்டினோம். கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். 20ஆம் திகதி செவ்வாய், காலை 8 மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

1. வான் தேவை. திங்கள் இரவு 10 மணிக்குப் புறப்பாடு. பஸ் சரிவராது, பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது.
2. வாட்டில் மறித்தால் தாய் கூட நிற்பா. தகப்பனுக்கு பொரளை, மருதானைப் பக்கம் படுக்க இடம் வேண்டும்.
3. சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். பெண் என்றால் நல்லது.
4. வைத்தியம் இலவசம்தான். செலவு டீசலும் சாப்பாடும். காசைப் பொருளாளரிடம் மட்டும் கொடுங்கள். பழைய உடுப்பு இனி வேண்டாம், வைக்க இடமில்லை.
5. அதற்குள் இரவில் மூச்சுத் திணறினால் 1990க்குப் போன் பண்ணி அம்புலன்ஸ் கூப்பிடுவதுதான். பக்கத்தில் இருப்பவர்கள் போனைச் சார்ஜில் வைத்திருங்கள்.

நாளை மாலை 6 மணிக்குள் ‘வான்’, ‘இடம்’, ‘வருகிறேன்’ என்று ஒரு சொல் போட்டால் போதும். கைகூப்பும் ஸ்டிக்கர் மட்டும் போடாதீர்கள், யார் வருகிறார் என்றே தெரியாமல் போகும். அப்புறம், பிள்ளையின் படத்தை வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம். தாய்க்கு விருப்பமில்லை.