பாம்பன் அக்காவுக்கும், கை கொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். நான் சேர்த்து வைத்திருந்த பழைய காகிதங்களும் படங்களும் பிழைத்துவிட்டன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரத்து மழையில் அவை நனைந்துபோனது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பப் பேச மனம் வரவில்லை.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஓடிய நீராவிக் கப்பல்களைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவை அவை. பயணச் சீட்டு, கொழும்பிலிருந்து வந்த கடிதம், குடும்பப் படம், எதுவும் என் சொத்து இல்லை. "பத்திரம் தம்பி" என்று நீங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. அதனால்தான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் நன்றியில் பெரும்பங்கு பாம்பனில் கருவாடு போடும் ஓர் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மழை விட்டு லேசாக வெயில் அடித்ததும் எல்லோரும் சொன்னது, வெயிலில் பரப்பு என்பதுதான். வழியில் போன அந்த அக்கா நின்று பார்த்துவிட்டு, "வெயில்ல போடாதீக தம்பி. கருவாடே உச்சி வெயில்ல போட்டா மேல காஞ்சு உள்ள கெட்டுப் போயிரும். இது தாளு. நெழல்ல போடுங்க, அடியில காத்துப் போகணும்" என்றார்.

சொல்லிவிட்டுப் போகவில்லை. தன் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். கம்பு நட்டு வலை கட்டிய பரணில் கிடந்த மீனை ஓரமாக ஒதுக்கினார். கடலுக்கு யாரும் போகாத அந்த நாட்களில் அவரிடம் இருந்ததே அந்தக் கொஞ்ச மீன்தான். அப்புறம், வலையில் உப்பு ஏறியிருக்கும், தாளில் பிடித்துவிடும் என்று சொல்லி, குடிக்க வாங்கி வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றி வலையைக் கழுவினார். பாம்பனில் நல்ல தண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். நான் தடுத்தேன். "தண்ணி நாளைக்கு வாங்கிக்கிறலாம்" என்றார்.

ஒவ்வொரு தாளையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்தி வலையில் வைத்தார். "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே வைத்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு, எழும்பூரில் ரயிலேறினால் தனுஷ்கோடித் துறை, அங்கே கப்பல், 35 கிலோமீட்டர் போலக் கடல், தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு ரயில் என்று ஆனதைச் சொன்னேன். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று கப்பல்களுக்கு வைஸ்ராய்களின் பெயரை வைத்ததையும், பிறகு இர்வினும் கோஷனும் வந்ததையும் சொன்னேன். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றியதைக் கேட்டதும் அவர் கை சற்று நின்றது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாம்பனில் அது எல்லா வீட்டிலும் இருக்கிற கதை.

தேதி எழுதாத படம் ஒன்று இருந்தது. துறையில் கட்டி நிறுத்திய கப்பல், மேலே புகை. "கரை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன். புகை சாய்ந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இது வாடைக் காத்து. ஐப்பசிக்கு மேல எடுத்திருப்பாக" என்றார். அந்தப் படத்தை எத்தனையோ படித்தவர்களிடம் காட்டியிருக்கிறேன். யாரும் புகையைப் பார்க்கவில்லை.

ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காதே, சுத்தமான தண்ணீரில் ஊறவிடு, தானாக விடும் என்று ஃபோனில் வழி சொன்ன மதுரை ஸ்டுடியோ அண்ணன், பழைய செய்தித்தாள் சுமந்து வந்த பிள்ளைகள், இரவெல்லாம் உட்கார்ந்து ஈரத் தாளை மாற்றி மாற்றி வைத்த ஓய்வு பெற்ற ரயில்வே ஐயா, கூலி வாங்காத ஆட்டோத் தம்பி, எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மன்னாரிலிருந்து பேசிய அம்மா, "படம் போனாலும் நாங்கள் இருக்கிறம்தானே தம்பி, கேளுங்கோ, சொல்லுறம்" என்றார். அன்றிரவுதான் கொஞ்சம் தூங்கினேன்.

அந்தக் கப்பலில் சிறுபிள்ளையாக ஏறியவர்களுக்கே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. இனி தள்ளிப்போட மாட்டேன். பொங்கலுக்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அசலை அவரவர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். கடல் தெரிகிற எந்தப் படத்துக்கும் விளக்கம் எழுதும் முன் அந்த அக்காவிடமும், வள்ளம் ஓட்டிய பெரியவர்களிடமும் காட்டிக் கேட்பேன். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னதாகவே எழுதுவேன்.