லாயரம்மாவுக்கு ஒரு கேஸ்

அன்பு லாயரம்மாவுக்கு,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்குத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலியும் மூக்கு நுனிக் கோபமும் அப்படியேதான் இருக்கின்றன. நம் ஹாஸ்டல் 'சிங்கம்' ரிட்டயர் ஆகிவிட்டதாம். இனி யாரைப் பார்த்துக் கர்ஜிக்கும், பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குவான் லூ என்று ஒரு சீனக் கவிஞர். ஒரு வாரமாக அவளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னால் "அப்படியா, காபி இருக்கா?" என்கிறார் இவர். அதனால் நீ மாட்டினாய்.

1932-லேயே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவள். 1937-ல் வந்த ஒரு படத்துக்கு அவள் எழுதிய பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. ஜப்பான்காரன் ஷாங்காயைப் பிடித்த பிறகு, அவனுக்கு வேலை செய்த சீன உளவுப் படை ஜெஸ்ஃபீல்டு சாலை 76-ஆம் எண் வீட்டில் உட்கார்ந்திருந்தது. உள்ளே போனவர்கள் முழுசாகத் திரும்பாத வீடு. அதன் தலைவன் லி ஷிச்சுன் முன்பு சிறையில் இருந்தபோது அவன் மனைவிக்கு அடைக்கலம் கொடுத்தவள் குவான் லூவின் தங்கை. அந்த நன்றிக்கடன்தான் கட்சிக்குக் கிடைத்த சாவி. தங்கை வேறு வேலையில் இருந்ததால் 1939-ல் அக்காவை அங்கே உளவு பார்க்க அனுப்பினார்கள்.

அனுப்பியவர் கட்சியின் உளவு வேலைகளைக் கவனித்த பான் ஹன்னியன். அவர் போட்ட நிபந்தனையைக் கேள்: யாராவது உன்னைத் துரோகி என்று சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது. இவளும் சரி என்றுவிட்டாள்! நீயாக இருந்தால் அங்கேயே ஆட்சேபணை தெரிவித்திருப்பாய்.

76-ஆம் எண் வீட்டுக்குப் போய்வந்ததிலேயே பழைய நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போதும், என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். கூப்பிடவில்லை; 1942-ல் ஜப்பானியர் பணத்தில் நடந்த ஒரு பெண்கள் பத்திரிகைக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் டோக்கியோவில் 'மகா கிழக்காசிய எழுத்தாளர் மாநாடு'. அங்கே ஜப்பான் புகழ் பாடச் சொன்னபோது பேச்சைப் பெண்கள், பண்பாடு என்று சாமர்த்தியமாகத் திருப்பிவிட்டாள். யாருக்கு அது தெரியும்? வந்தவர்கள் பட்டியலில் பெயர் இருந்தது, அவ்வளவுதான். சீனா முழுக்க அவள் துரோகி ஆகிவிட்டாள்.

இதுவரைக்கும்கூட எனக்குப் புரிகிறது. யுத்தம், உளவு, ரகசியம். என்னால் தாங்க முடியாதது 1945-க்குப் பிறகு நடந்தது. ஜப்பான் தோற்றாயிற்று, இனி எதற்கு ரகசியம்? தன் கட்சியின் இடத்துக்கே போய்ச் சேர்ந்தவளை அங்கேயும் துரோகி என்றார்கள். சொந்தப் பெயரில் எழுதக்கூட இடமில்லை. கட்சிக்காரரான வாங் பிங்னானோடு கல்யாணம் வரை போன காதலைக் கட்சித் தலைவர் சௌ என்லாயும் அவர் மனைவியும் வேண்டாம் என்று தடுத்தார்கள். வெளியுறவு வேலையில் இருக்கும் வாங்குக்கு இவளால் கெட்ட பெயர் வருமாம். அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளச் சொன்னதே இவர்கள் கட்சிதானே!

1955-ல் பான் ஹன்னியனையே துரோகி என்று பிடித்தார்கள். உன் பாஷையில் சொன்னால், முக்கியமான சாட்சி, அவரும் குற்றவாளிக் கூண்டில். அவரோடு சேர்த்து இவளுக்கும் சிறை, 1967-ல் மறுபடியும். இரண்டும் சேர்ந்து சுமார் பத்து வருஷம். 1982 மார்ச்சில் குற்றமற்றவள் என்று அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டில் பான் ஹன்னியன் பெயரும் சுத்தமானது, அவர் செத்து ஐந்து வருஷம் கழித்து. அவரைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுதி முடித்தாள். டிசம்பரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். வயது 75.

அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்தவள் அது கிடைத்த பிறகு ஏன் போனாள் என்று கேட்காதே. எனக்கு அதைவிட, தெரிந்தும் வாயைத் திறக்காதவர்கள் மேல்தான் ஆத்திரம். அறியாமல் திட்டிய ஜனங்களை மன்னித்துவிடலாம். கோப்பு இவர்கள் கையில்தானே இருந்தது?

வக்கீலாக இல்லாமல் என் சிநேகிதியாகச் சொல்லு, யார் மேல் கேஸ் போடுவாய்? பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. போனில் நீ என்னைப் பேசவே விடுவதில்லை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்