நெஞ்சு வலின்னா உத்தரவு கேக்க வெக்காதீங்க: ரிக் ஓனருங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்செங்கோடு சுத்துவட்டாரத்துல போர்வெல் போடற ரிக் வண்டி வெச்சு ஓட்டற ஓனர் அண்ணனுங்க, மாமனுங்க, பங்காளிங்க எல்லாருக்கும் வணக்கமுங்க.

மீசை மொளைக்காத வயசுல ஹெல்பரா வண்டி ஏறி, அப்பறம் டிரில்லராகி, இப்ப மேனேஜரா இருக்கறவன் எழுதறனுங்க. பேரு போடலைங்க. போட்டா எந்த வண்டி எந்த ஓனருன்னு டீக்கடையிலயே கண்டுபுடிச்சிருவாங்க, அவரு மேல எனக்கு கோவமெல்லாம் இல்ல, அதுனால வேண்டாம். கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். வெளி மாநிலத்துல காட்டுக்குள்ள ஒருத்தன் நெஞ்சைப் புடிச்சான்னா, உங்களுக்கு போன் அடிச்சு உத்தரவு வாங்காம, ரிக் கூடவே வர்ற சப்போர்ட் வண்டியை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு போலாம்னு இப்பவே, வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருங்க.

எனக்கு வந்தது சத்தீஸ்கர்ல, சீசன் நல்லா ஓடிட்டிருந்த நேரம். ராத்திரி போர் போட்டுட்டிருந்தோம், ராடு மாத்தறப்ப வேர்த்து ஊத்துச்சு, மே மாசம் அங்க வேர்க்காம இருந்தாத்தான் அதிசயம் அதுனால யாரும் கண்டுக்கல, அப்பறம் தாடையில வலி, மேல் வயித்துல யாரோ ஏறி உக்காந்த மாதிரி, ரெண்டு தடவை வாந்தி. எடது கையி வலிக்கவே இல்லைங்க. சினிமாவுல காட்டற மாதிரி நெஞ்சைப் புடிச்சுட்டு சாயவும் இல்ல. பசங்க கேஸுன்னு சொல்லி ஈனோ கலக்கிக் குடுத்தானுங்க. அன்னைக்கு மேனேஜரா இருந்த பையன் மட்டும் பயந்துட்டான், ஓனருக்கு அடிக்கறான், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த மனுசன் எடுப்பான், சுவிட்ச் ஆப். குழிக்குள்ள ராடு நிக்குது, போர் போடச் சொன்ன பார்ட்டி பக்கத்துலயே கட்டல் போட்டு படுத்திருக்கறாரு, வண்டியை பாயிண்ட்டை, அதான் போர் போடற எடத்தை, விட்டு நகத்தணும்னா ஓனரு வாயில இருந்து வரோணும், டீசல் கணக்கு கிலோமீட்டர் கணக்கு எல்லாம் இருக்குதில்லைங்க. அந்தப் பையனை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவனுக்கு அந்த அதிகாரத்தை யாரும் குடுக்கல. விடியற வரைக்கும் கயித்துக் கட்டல்லயே கெடந்தேன்.

காத்தால ஓனரு எந்திரிச்சு போனைப் பாத்ததும் கத்துனாராம், ஏன்டா இன்னும் கூட்டிட்டு போகலைன்னு. விசயமே அதுதானுங்க. உங்கள்ல ஒருத்தரும் கேட்டா வேண்டாம்னு சொல்ற ஆளு இல்ல. ஆனா கேக்கறதுக்குள்ளயே வேலை முடிஞ்சு போயிருது.

இருதயத்துக்கு ரத்தம் போற கொழாயில ரத்தக்கட்டி வந்து அடைச்சுக்குது, அதுக்கு அக்கட்டால இருக்கற சதை ரத்தமில்லாம நிமிசத்துக்கு நிமிசம் சாவுது, செத்த சதை திரும்ப வராது. கட்டியைக் கரைக்கற ஊசி இருக்குதுங்க, ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ்னு. 12 மணி நேரம் வரைக்கும் போடுவாங்க, ஆனா மொதல் ரெண்டு மூணு மணி நேரத்துல போட்டாத்தான் நல்ல பலன். ஆஞ்சியோ பண்ற ஆஸ்பத்திரிக்கு போய் ரெண்டு மணி நேரத்துக்குள்ள அடைப்பைத் தெறக்க முடியும்னா நேரா அங்க, முடியாதுன்னா பக்கத்துல இருக்கற எடத்துல ஊசியைப் போட்டுட்டு அப்பறம் பெரிய ஊருன்னு டாக்டருங்க கணக்கு வெச்சிருக்கறாங்க. நம்ம பாயிண்ட்டு இருக்கற எடமெல்லாம் ரெண்டாவது வகைதான். எனக்கும் ஊசி போட்டு, அப்பறம் பெரிய ஊருக்கு கொண்டு போய் ஸ்டென்ட் வெச்சாங்க. உசுரு தங்கிருச்சு, சதை போயிருச்சு. எக்கோ எடுத்துப் பாத்தா இஎஃப், அதான் ஒவ்வொரு துடிப்புக்கும் இருதயம் உள்ள இருக்கற ரத்தத்துல எத்தனை சதவீதம் வெளிய தள்ளுதுங்கற கணக்கு, 35தான், நல்ல ஆளுக்கு 55க்கு மேல இருக்கோணும். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லோணும்னா 300 பிஎஸ்ஐ கம்ப்ரசர் 180 தான் தள்ளுதுன்னு வெச்சுக்கங்க, எஞ்சின் ஓடும், சத்தமெல்லாம் வரும், ஆழத்துல இருந்து தூளை மேல தூக்காது.

அந்த இருதயத்தை வெச்சுக்கிட்டுத்தான் திரும்ப வண்டி ஏறியிருக்கறேன். ஏன்டா இந்த ஒடம்போட போறேன்னு கேக்கறவிய நெறைய. ஊட்டுக் கடனும் புள்ளை காலேஜ் பீஸும் என்ற இஎஃப் பாத்து கொறையலைங்களே. கொஞ்ச மாசம் ஊட்ல இருந்தேன், ஒறம்பரை ஒவ்வொருத்தரா வந்து பாத்துட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிட்டு போனாங்க, பூண்டுப் பாலு, செம்பருத்திப் பூ, மருதம்பட்டைக் கசாயம். குடிக்கறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டு குடி, மாத்திரையை மட்டும் நிறுத்திப்புடாதேன்னு டாக்டரு சொன்னாரு.

மாத்திரைதானுங்க வெளியூர்ல பெரிய ரோதனை. ஸ்டென்ட் வெச்சவனுக்கு ஆஸ்பிரினும் கூடவே குளோபிடோக்ரலோ டிகாகிரெலரோ, ரெண்டும் சேந்து வழக்கமா ஒரு வருசத்துக்காவது போகோணும். நடுவுல நம்மளா நிறுத்துனா ஸ்டென்டுக்குள்ளயே கட்டி வந்து அடைச்சுக்கும், அது மொத அடைப்பை விட மோசம். ஆனா வண்டி இன்னைக்கு ஒரு ஜில்லா நாளைக்கு ஒரு ஜில்லா, நாமக்கல்ல எழுதிக் குடுத்த கம்பெனி மாத்திரை அந்தூரு மெடிக்கல்ல இருக்காது, கடைக்காரன் கையை விரிப்பான். அப்பறந்தான் கம்பெனி வெச்ச பேரை உட்டுட்டு உள்ள இருக்கற மருந்தோட நெசப் பேரை எழுதி வெச்சுக்கோணும்னு ஒரு நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க. நெசப் பேரு இருந்தா எந்தக் கம்பெனியுதுன்னாலும் வாங்கிக்கலாம், மத்திய அரசோட ஜன் ஔஷதி மருந்துக் கடை வடக்கயும் நெறைய எடத்துல இருக்குது, வெலையும் கம்மி. கெளம்பறப்பவே ரெண்டு மாசத்துக்கு எடுத்துட்டுப் போயிருவேன். எங்க ஊருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வர்ற அம்மிணி பிரசர் மாத்திரையை ஊட்டு வாசல்ல கொண்டாந்து குடுக்குது, வாங்கத்தான் நானு ஊட்ல இருக்கறதில்ல.

அப்பறம் உப்பு. நம்ம வண்டி சமையல்காரன் கொழம்பு உங்களுக்கே தெரியும், நீங்களும் அதைத் தின்னுதான் மேல வந்தீங்க. இருதயம் தள்ளாம போனவனுக்கு உப்பு எச்சானா ஒடம்புல தண்ணி தேங்கும், கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணையும் உட்டுட்டேன், கொழம்புல உப்பு போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சர்றான் பையன். சின்ன எடை மெசின் ஒண்ணு சப்போர்ட் வண்டியில கெடக்குது, தெனமும் காத்தால ஒண்ணுக்கு போயிட்டு வந்து ஏறி நிப்பேன், ரெண்டு மூணு நாளுக்குள்ள ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா அது சதை இல்ல, தண்ணி, உடனே டாக்டருக்கு வாட்ஸப். மொதல்ல பசங்க சிரிச்சானுங்க, இப்ப அவனுங்களும் ஏறிப் பாத்துக்கறானுங்க.

இன்னொண்ணு, இது எல்லா வண்டியிலயும் நடக்கறது. இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் டைக்ளோபெனாக், புரூபென்னு மிட்டாய் மாதிரி முழுங்கறோம். இருதயம் வீக்கா இருக்கறவனுக்கு அது விசம் மாதிரி, தண்ணியைத் தேக்கும், கிட்னியையும் கெடுக்கும். நெஞ்சு வலிக்கு வெக்கற சோர்பிட்ரேட் மாத்திரையிலயும் கவனம் வேணும், நாக்குக்கு அடியில வெக்கறப்ப உக்காந்துக்கோணும், நின்னுட்டே வெச்சா பிரசர் எறங்கி உழுந்துருவான். வயாகரா மாதிரி மாத்திரை போட்டவன் அதைத் தொடவே கூடாது. கூச்சப்பட்டு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதுனால நானே எழுதிட்டேன்.

வெயிலைப் பத்தி தனியா சொல்லோணுமா. நம்ம சீசனே கெணறு வத்தற மாசந்தான். ஒடம்புல தேங்கற தண்ணியை ஒண்ணுக்கா வெளிய தள்ளற மாத்திரை போட்டவன் அந்த வெயில்ல நின்னா தலை சுத்தும், தண்ணி எச்சா குடிச்சா மூச்சு முட்டும், கொறைச்சா மயக்கம். டாக்டரு ஒரு அளவு சொல்லியிருக்கறாரு, பாட்டல்ல கோடு போட்டு வெச்சுக் குடிக்கறேன். பகல்ல நெழல்ல உக்காந்து கணக்கு, போர் வேலை புடிச்சுக் குடுக்கற உள்ளூர் ஏஜெண்ட்டோட பேச்சு, சாய்ங்காலத்துக்கு மேல எந்திரிச்சு பாயிண்ட்டுகிட்ட போவேன்.

இதெல்லாம் பழகிருச்சு. பழகாதது ராத்திரி. பகல்ல கம்ப்ரசர் சத்தத்துல எதுவும் தெரியறதில்ல, வண்டி நின்னு எல்லாரும் படுத்த பொறவு ஒரு சின்ன சுருக்குன்னாலும் வந்துருச்சோன்னு எந்திரிச்சு உக்காந்துக்கறேன். ஊட்டுக்காரிக்கு போன் பண்ணவும் மனசு வரல, அவ அங்க உக்காந்து என்ன பண்ணுவா. ஜார்க்கண்டு பையன் ஒருத்தன் இருக்கறான், அரைகொறை தமிழு, ஒண்ணும் பேச மாட்டான், பீடியைத் தூரப் போட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்குவான்.

என்ற ஓனரு என்னை எறக்கி உடல, அதைச் சொல்லியே ஆகோணும். ராடு தூக்க வேண்டாம், ஹேமர் மாத்த வேண்டாம், நோட்டைப் புடின்னு உட்டுட்டாரு. போர் போட்ட ஆழத்துக்கு அடிக் கணக்குல வந்த காசு போச்சு, சம்பளம் மட்டுந்தான், பரவாயில்ல. ஆனா எல்லா வண்டியிலயும் அப்பிடி இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சே நெஞ்சு வலியை கேஸ் ட்ரபிள்னு சொல்லிட்டு ஓடிட்டிருக்கறவிய இருக்கறாங்க. சொன்னா வேற ஆளு ஏத்திருவாங்க, வாங்குன அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பாங்கன்னு பயம். நீங்க கேக்க மாட்டீங்கன்னு வாயில சொன்னா பத்தாது. வேலையை மாத்திக் குடுப்போம், அட்வான்ஸுக்கு நெருக்க மாட்டோம்னு மொதல்லயே தெரிஞ்சாத்தான் எவனும் வாயைத் தெறப்பான்.

மழைக்கு வண்டி ஊரு வந்து நின்னு மறுபடி கெளம்பறதுக்குள்ள ஹேமர் பிட்டு ஹோஸ் ஆயிலு எல்லாம் பாக்கறோம், ஆளுங்களுக்கும் ஒரு தடவை ஈசிஜி, பிரசர், சக்கரை பாத்துருங்க. நாமக்கல்ல மெடிக்கல் காலேஜே 2022ல வந்துருச்சு, தூரம்னு சொல்ல முடியாது. சக்கரை இருக்கறவனை ரொம்ப முக்கியமாப் பாருங்க, அவனுக்கு அடைப்பு வந்தா வலியே தெரியாமக் கூடப் போவும். பாத்துட்டோம்னு தைரியமா இருந்தற முடியாதுதான், ஈசிஜி நல்லா இருந்தவனுக்கும் வரும், ஆனா பாதிப் பேரு பிரசரு இருக்கறதே தெரியாம சுத்தறானுங்க.

வண்டியில மருந்து வெக்கறதைப் பத்தி ஒரு டாக்டர்கிட்ட உக்காந்து கேட்டு வெச்சுக்கங்க. நம்ம ஊர்ல 2023ல இருந்து இதயம் காப்போம்னு ஒரு திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூணையும் மொத டோஸா குடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. அதே மாத்திரைதான், வெல ஒண்ணும் பெருசில்ல. ஆனா அல்சர் இருக்கறவன், எங்கியாவது ரத்தக் கசிவு இருக்கறவன், ஆஸ்பிரின் ஒத்துக்காதவன் போடக் கூடாது, அதுனால யாருக்கு ஆகும் ஆகாதுன்னு ஊர்லயே எழுதி வாங்கிட்டுப் போகோணும். மாத்திரையைப் போட்டுட்டு சரியாயிருமான்னு பாத்துட்டு உக்காரவும் கூடாது, போட்டுக்கிட்டே கெளம்போணும்.

எந்த ஜில்லாவுல எறங்குனாலும் மொத நாளே அந்தூரு ஏஜெண்ட்டைக் கேட்டு ஈசிஜி எடுத்து ஊசி போடற ஆஸ்பத்திரி எது, ஆஞ்சியோ பண்றது எதுன்னு நோட்டுல எழுதிக்கறேன் நானு. 108 ரொம்ப மாநிலத்துல ஓடுது, 112 நாடு பூரா, ஆனா காட்டுக்குள்ள பாயிண்ட் எங்கன்னு ஹிந்தியில வழி சொல்ல அந்த ஏஜெண்ட்தான் வேணும். காப்பீட்டு அட்டையையும் பாத்துக்கங்க. ஆயுஷ்மான் பாரத்துல தகுதி இருக்கறவன் வேற மாநிலத்துலயும் அந்தத் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியில காட்டலாம், குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும். நம்ம முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில இருக்கற எல்லாருக்கும் வெளிய செல்லும்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க, 14555க்கு அடிச்சு அட்டை நம்பரைச் சொல்லி முன்னாடியே கேட்டுக்கோணும்.

கடைசியா அந்தப் பசங்களைப் பத்தி. ஒடிசா, ஜார்க்கண்டுன்னு வந்து நம்ம வண்டியில ஹெல்பரா இருக்கறானுங்களே, நம்மூர் ஆளுக்கு நெஞ்சு வலின்னா ஓனருக்கு போனாவது போவுது, அவனுங்களுக்குன்னா அதுவும் போறதில்ல, கொஞ்ச நேரம் படுடான்னு உட்டர்றோம். நான் கேக்கறது அவனுங்களுக்கும் சேத்துத்தான்.

அடுத்த தடவை நீங்கல்லாம் கூடறப்ப இதைப் பேசி முடிவு பண்ணுங்க. கேபின்ல டீசல் கணக்கு நோட்டு தொங்கற எடத்துல ஒரு பேப்பர் ஒட்டுனாப் போதும், நெஞ்சு வலின்னா மொதல்ல வண்டியை எடு, போன் அப்பறம் பண்ணிக்கலாம்னு, தமிழ்லயும் ஹிந்தியிலயும். கீழ ஓனரு கையெழுத்து இருக்கோணும், இல்லைன்னா பசங்க நம்ப மாட்டானுங்க. போர் பாதியில நின்னா பார்ட்டிகிட்ட மேனேஜருங்க நாங்க பேசிக்கறோம், திட்டு வாங்கறதுக்குத்தானே எங்களை வெச்சிருக்கறீங்க.

இப்படிக்கு,
உங்க வண்டியில ஒரு மேனேஜருங்க