மேகமலைக்கு வாங்க என்று எழுதும்போது இதையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் இணைப்பிதழில் லீவுக்குப் போகிற இடங்களில் மேகமலையையும் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் கூட்டமே இல்லாத இடம், உடனே கிளம்புங்கள் என்று முடித்திருந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

நான் மதுரை செல்லூர்க்காரி. வருடத்துக்கு ஒரு தடவையாவது தேனி மாவட்டம் சின்னமனூர் போய் மேகமலை பஸ் ஏறிவிடுவேன். 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மேலே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஏரிகள் (மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளில் தேங்கிய தண்ணீர்தான்), அதைத் தாண்டினால் சோலைக்காடு. சாயங்காலம் கரையோரம் காட்டுமாடு மேயும், நமக்குக் கொடுத்துவைத்திருந்தால் யானைகளும் தண்ணீர் குடிக்க இறங்கும்.

போன தடவை அந்தக் கரையில் யானை லத்தி கிடந்தது. அதிலிருந்து ஒரு சிப்ஸ் கவர் நீட்டிக்கொண்டிருந்தது, ஆரஞ்சு நிறம்கூட மங்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு வேன், ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது, நாலைந்து பேர் சிங்கவால் குரங்குக்கு மிக்சர் போட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்தை விட்டு அதிகம் இறங்காத பிராணி அது, ரோட்டில் தீனி கிடைக்கும் என்று பழகிவிட்டால் ஏதாவது வண்டியில் அடிபட்டுத்தான் சாகும். சொல்லிப் பார்த்தேன். "நாங்களும் மதுரைதான்க்கா, விடுங்க" என்றார்கள்.

மதுரைக்காரர்கள் என்பதால்தான் எனக்கு இன்னும் வருத்தம். மூல வைகை பிறப்பது இந்த மலைத்தொடரில், வருசநாட்டுப் பக்கம். பெய்கிற மழையைச் சோலையும் புல்வெளியும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன, அது ஆறாகி வைகை அணைக்கு வந்து அங்கிருந்து நம் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் அணில் சரணாலயத்தோடு சேர்த்து மேகமலையைப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அப்புறம், பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி பெயரில் ஒரு பழந்தின்னி வவ்வால் இருக்கிறது. 1948ல் இங்கே பிடித்ததை வேறு ஏதோ வவ்வால் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள், உலகத்துக்கே புது இனம் என்று தெரிந்தது 1972ல். இன்னும் என்னென்ன இருக்கிறதோ அந்தக் காட்டில்.

யாரும் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் போகலாம், வனத்துறை அனுமதிக்கிற பாதையில் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கண்டிப்பாக ஒரு கணக்கு வேண்டும். மலையடிவாரத்துத் தென்பழனி செக்போஸ்ட்டில் பாட்டிலையும் கவரையும் எண்ணி மேலே விட்டு, இறங்கும்போது அதே எண்ணிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நீங்களும் அடுத்த தடவை மேகமலைப் படம் போட்டால், நாம் குடிக்கிற வைகைத் தண்ணீர் அந்த மலையிலிருந்து வருகிறது என்று பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, செல்லூர், மதுரை