ஒன்பதால் வகுக்கச் சொன்ன அங்கிளுக்கும் மற்றவர்களுக்கும்

பினாங்கு பீச் ஸ்திரீட் ஆபீசில் என்னோடு வேலை செய்தவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். விருந்தில் மைக்கைக் கொடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் மனதில் இருந்ததெல்லாம் 1987தான், அப்போது பக்கத்தில் இருந்த நீங்கள்தான்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வருவேன். அப்போது தீவுக்குப் போகத்தான் காசு, திரும்பி வர இலவசம். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், ஏதோ கோயில் மாதிரி. உள்ளே ஏர்கோன் குளிர், பச்சை எழுத்துத் திரை, 20 எம்பி ஹார்ட் டிஸ்க், கதறிக்கொண்டே அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்.

அக்கா, நம்பர் பேடில் 5இன் மேலிருக்கும் சின்ன மேட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லி, என் கையைக் கைக்குட்டையால் மூடிவிட்டு அடிக்க வைத்தீர்கள். இன்றும் பார்க்காமல்தான் அடிக்கிறேன். கைபேசியில் 1 மேலே இருப்பதால் அங்கே மட்டும் தடுமாற்றம்.

அங்கிள், உங்களை மறப்பேனா? நான் கணினியில் அடித்த பில் கட்டைத் தனியாக மெஷினில் கூட்டினால் ஒரு மொத்தம், திரையில் வேறொரு மொத்தம், 90 வெள்ளி (ரிங்கிட்) இடித்தது. நான் 200 பில்லையும் புரட்டத் தொடங்கினேன். நீங்கள் பாசார் மலாயில், அதாவது கடைத்தெருப் பேச்சு மலாயில், "வித்தியாசத்தை முதலில் 9ஆல் வகுத்துப் பார்" என்றீர்கள். மிச்சமில்லாமல் வகுபட்டால் ஒரு தொகைக்குள் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகமாம். 90 என்றால் மாறியது நூறாம் இடமும் பத்தாம் இடமும், அதுவும் 4, 5 மாதிரி ஒன்றுக்கொன்று அடுத்த இலக்கங்கள். தேடினால் 540ஐ 450 என்று அடித்திருந்தேன்! பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத கணக்கு.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. பேக்கப் எடுத்த ஏழு பிளாப்பி டிஸ்கில் நான்காவது படிக்கவில்லை. அது இல்லாமல் மற்ற ஆறும் வீண். அதற்கு முந்தைய பேக்கப் இரண்டு வாரம் பழசு. எடுத்ததும் சரிபார்க்காதது என் தப்பு. அழுதுகொண்டிருந்தேன். அரை நாள் வேலை முடிந்து நீங்கள் கிளம்பியிருக்கலாம். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. வாடகைக்கு எடுத்த கணினியில் ஞாயிறு இரவு வரை ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தோம். ஜாகா (காவலாளி) தாத்தா ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்துவைத்து, தன் சுடுநீர்க் குடுவையில் தேநீர் கொண்டுவந்தார். திங்கள் காலை பாஸ் கேட்டபோது, "எல்லாம் இருக்கிறது" என்று அக்காதான் முந்திக்கொண்டு சொன்னார்.

அன்றிரவு எல்லாருக்கும் நாசி கண்டார் (கறிக் குழம்போடு சோறு) வாங்கியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டபோதெல்லாம் சிரித்தே மழுப்பினீர்கள். பட்டர்வொர்த் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அந்தக் காசை இன்னும் நான் கொடுக்கவில்லை.