புள்ளி விழுந்த டயலையே வாங்கு, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் 1960களின் ஒமேகா கான்ஸ்டலேஷன் கைக்கடிகாரம், இரண்டும் ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறுபவை. ஒன்று நேற்று வாங்கியது போலப் பளபளக்கிறது. இன்னொன்றின் டயலில் தேமல் மாதிரிப் புள்ளிகள். உனக்குப் பளபளப்பின் மேல்தான் கண். உன் அத்தையும் அதையேதான் கை காட்டினாள்.

அது வேண்டாம்.

60 வருஷத்து டயலில் ஒரு பொட்டு அழுக்குகூட இல்லையென்றால், யாரோ மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். நம் நாட்டில் இந்த வேலை அவ்வளவு சகஜம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்! பளபளக்கிறதன் படத்தையே பார். 6 மணிக்குக் கீழே 'சுவிஸ் மேட்' என்ற எழுத்தைக் காணோம். நிமிடக் கோடுகள் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. இந்த 'பை பான்' டயல் கவிழ்த்த தட்டு மாதிரி, ஓரம் 12 பட்டைகளாகச் சரியும். புது பெயின்ட் ஏறினால் பட்டைகளின் விளிம்பு மழுங்கிவிடும். புள்ளி விழுந்ததில் அந்த விளிம்பு இன்னும் கத்தி மாதிரி இருக்கிறது.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். என்னிடம் முதலில் வந்தது 1950களின் தொடக்கத்து 'பம்பர்'. அதன் ரோட்டர், அதாவது கை அசைவில் ஆடிச் சாவி ஏற்றும் எடை, முழுச் சுற்று சுற்றாது. இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் முட்டித் திரும்பும். கையை ஆட்டினால் மணிக்கட்டில் 'டொக்' என்று தெரியும், அந்தச் சுகமே தனி. சர்வீஸுக்குக் கொடுத்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "டயலையும் புதுசாக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். கோணலாக ஒட்டிய ஒமேகா குறியோடு திரும்பி வந்தது. இன்றைக்கும் நேரம் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் டயலைப் பார்க்க மனசு வருவதில்லை.

சரி, விற்பவரிடம் பின்மூடியைத் திறந்து படம் கேள். உள்ளே செம்பு நிறத்தில் மெஷின் இருக்க வேண்டும், அதில் 551 என்ற எண். 1959 இல் வந்த மெஷின் அது, தேய்மானம் குறைக்க உள்ளே 24 கற்கள், தேதி காட்டாது. தேதி ஜன்னல் வைத்தது 561. பின்மூடியில் பொறித்த வானாய்வுக் கூடத்தின் படத்துக்கு மேல் 8 நட்சத்திரங்கள் இருக்கும், எண்ணிப் பார். பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தால் முதலில் மங்குவது அவைதான்.

ஆட்டோமேட்டிக்தானே என்று மேசை இழுப்பறையில் போட்டு வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். கட்டுமுன் சாவியை நாலு சுற்று சுற்று. அதைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போய்விடாதே.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போ. டயலை மூடிய கண்ணாடியின் நடுவில் பொடி எழுத்தாக ஒமேகா குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸை நான் எடுத்து வருகிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்து வைக்காதே.

அன்புடன்,
மாமா