மடுவத்துத் தராசும் கீதையும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எடை கழிப்பதைப் பற்றி வாக்குவாதம் நடந்த மறுநாள் நீ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று போட்டிருந்தாய், கிருஷ்ணர் தேரோட்டுகிற படத்தோடு. உன் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களின் பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஊரறிய நீ சொன்னதற்கு ஊரறியப் பதில் சொல்வதுதான் முறை என்று இங்கே எழுதுகிறேன். உன் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம்.

வாசிக்கிறவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பி என் சித்தி மகன், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுகிற கணக்கப்பிள்ளையாகப் புதிதாக ஆனவன். நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் ஆளுக்கு ஒரு கிலோ கழிக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. பைக்கும் ஈரத்துக்கும் என்று காரணம். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் நிற்கும், கழிப்பதில் நியாயம் உண்டு. முப்பது வருஷம் கூடை சுமந்த எங்கள் அம்மாவே அதை ஒத்துக்கொள்வார். மாசி வெயிலில் கொழுந்து வாடிக் கிடக்கும்போது எந்த ஈரம்? ஐம்பது பேர் என்றால் ஒரு நாளைக்கு 150 கிலோ. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வரும். அப்படியானால் 30 கிலோவுக்கு மேல் தேயிலை, பறித்தவள் பெயரில்லாமல் ஃபெக்டரிக்குப் போகிறது. 2021இல் இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவையும் கூட்டிவிட்டார்கள். அந்த மூன்று கிலோவில்தான் ஒருத்திக்கு முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) அரைப்பேராகிறது (அரை நாள் சம்பளம்).

சரி, கீதைக்கு வருவோம். நீ போட்டது இரண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகத்தின் சுருக்கம். செயலில்தான் உனக்கு உரிமை, அதன் பலனில் இல்லை என்கிறது அது. உன் செயலின் பலனைப் பற்றி உனக்குச் சொன்னது. அடுத்தவள் செயலின் பலனை நீ குறைக்கலாம் என்று அதில் எங்கே இருக்கிறது? (ஆபீஸ் கலண்டரில் தொங்குகிற "எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது" கீதையின் 700 சுலோகங்களில் எதுவும் இல்லை. அதை அடுத்த ஸ்டேட்டஸாகப் போட்டுவிடாதே.) மேலதிகாரி சொன்னதைச் செய்வதுதான் கடமை என்றால், சாட்சாத் கிருஷ்ணரே முன்னால் நின்று சொன்னபோது அர்ச்சுனன் இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அம்பை விட்டிருக்க வேண்டும். பதினெட்டு அத்தியாயம் தேவைப்பட்டிருக்காது. எல்லாம் சொல்லி முடித்த பிறகும் கிருஷ்ணர் என்ன சொல்கிறார்? இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறார். பதினெட்டாம் அத்தியாயம், 63. தோட்டத்தை நடத்துகிற எங்கள் துரைமார் யாரும் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் உன்னிடம் கேட்க வேண்டும். போன மாதம் உங்கள் லயத்தில் அடுத்த காம்பராக்காரன் (அடுத்த வீட்டுக்காரன்) குடித்துவிட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்து "என் பொஞ்சாதி எங்கே?" என்று கேட்டான். அவள் உங்கள் வீட்டு விறகுக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தி வாசல் இஸ்தோப்பில் (திண்ணையில்) நின்று, "டவுனுக்கு பஸ் ஏறிப் போனதைப் பார்த்தேனே" என்றார். சாமிக்கு விளக்கு வைத்த கையோடு பொய் சொல்லலாமா என்று நீ சித்தியிடம் சண்டை பிடித்தாயாம்.

மகாபாரதத்தில் கர்ண பர்வத்தில் கௌசிகன் கதை வருகிறது. உண்மை மட்டுமே பேசுவேன் என்று விரதம் பூண்டவன். கொள்ளையருக்குப் பயந்து சிலர் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்க, கௌசிகன் வழியைக் காட்டிவிடுகிறான். ஒளிந்தவர்கள் கொல்லப்படுகிறார்கள், கௌசிகன் நரகத்துக்குப் போகிறான். பேசாமலிருந்து தப்ப முடிந்தால் பேசாமலிரு, பேசித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் பொய்யே மேல் என்று கிருஷ்ணரே சொல்கிறார். வள்ளுவர் இதற்குக் கதைகூடச் சொல்லவில்லை. "வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்." 291ஆம் குறள். சித்தி படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கிருஷ்ணர் அந்தக் கதையை யாருக்கு, எப்போது சொன்னார் என்பதைக் கவனி. போரின் பதினேழாம் நாள். கர்ணனிடம் அடிபட்டுக் கூடாரத்தில் கிடந்த தருமர், கர்ணன் இன்னும் சாகவில்லை என்று தெரிந்ததும் அர்ச்சுனனைத் திட்டி, உன் காண்டீவத்தை வேறு யாருக்காவது கொடு என்கிறார். அப்படிச் சொல்பவனைக் கொல்வேன் என்று அர்ச்சுனன் முன்பே சபதம் செய்திருக்கிறான். சபதம் காப்பது கடமை என்று அண்ணன் மேலேயே வாளை உருவுகிறான். முதல் நாள் "எழுந்து போர் செய்" என்ற அதே கிருஷ்ணர், பதினேழாம் நாள் "ஏன் வாளை உருவுகிறாய்?" என்று தடுக்கிறார். கீதையைக் காட்டி அடிதடிக்கு நியாயம் பேசுகிறவர்கள் முதல் நாளோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

சபதமும் காக்கப்பட வேண்டும், அண்ணனும் பிழைக்க வேண்டும். அதற்குக் கிருஷ்ணர் சொன்ன வழி, மூத்தவரை "நீ" என்று பேசு, அதுவே அவரைக் கொன்றதற்குச் சமம் என்பது. நம் பக்கத்தில் அருச்சுனன் தபசு ஆடுகிற இடங்களில் வாத்தியார்கள் இதையும் சேர்த்து ஆடினால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மடுவத்தில் உன் அம்மாயி வயதுப் பெண்ணைப் பார்த்து "வாடி, தூக்கி வை" என்றாயாம். நீ கை ஓங்கவில்லை என்பதை நம்புகிறேன். கிருஷ்ணர் கணக்கில் அது போதாது.

அப்போ பொய் சொல்லலாம்தானே, நானும் வேலையைக் காப்பாற்றத்தானே எழுதினேன் என்று நீ கேட்பாய். அதற்கும் அதே மகாபாரதத்தில் பதில் இருக்கிறது. பதினைந்தாம் நாள் துரோணரை வீழ்த்துவதற்காகத் தருமர் "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லி, "யானை" என்பதை வாய்க்குள் சொன்னார். சொன்னது முழுப்பொய்யும் இல்லை. சொல்லச் சொன்னதும் கிருஷ்ணர்தான். ஆனாலும் நிலத்தில் படாமல் நாலு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்றைக்கு மண்ணில் இறங்கியது. மேலிடத்து உத்தரவு தருமரையே காப்பாற்றவில்லை. நீ துண்டில் (நிறுவைச் சீட்டில்) எழுதுகிற எண்ணும் அப்படித்தான். "கழிவு போக நிகர எடை" என்று கேட்டால் சொல்வாய், கேட்காதவளுக்கு வெறும் எண்தான் தெரியும். சித்தி சொன்ன பொய்யால் ஒருத்தி உயிர் பிழைத்தாள். உன் எண்ணால் யார் பிழைத்தது?

வேலையை விடச் சொல்லவில்லை. சித்தப்பாவின் மருந்துச் செலவு எனக்கும் தெரியும். துண்டில் மொத்த எடையை ஒரு வரியிலும் கழித்ததை அடுத்த வரியிலும் எழுது. டிஜிட்டல் தராசில் எண் தெரிகிற பக்கத்தை நிறுக்கிறவள் பார்க்கிற மாதிரித் திருப்பி வை. வெயில் நாளிலும் ஒரு கிலோ கழிக்கச் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிச் சின்னத்துரையிடம் (உதவி மேலாளரிடம்) மரியாதையாகவே கேள். வாய்மொழி உத்தரவுகள் பல, எழுத்தில் கேட்டதும் காணாமல் போய்விடும். எழுத்தில் தந்துவிட்டால் அதைத் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் காட்டு, அதற்கு மேல் பேச வேண்டியது தொழிற்சங்கம்.

ஞாயிற்றுக்கிழமை பசறைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வருகிறேன். இந்த வாரத் துண்டு ஒன்றை எடுத்து வை, பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா